திரும்பப் பெறாத விண்ணப்பம்

ஜூஜுவாடி
ஜனவரி 19

அன்பு மகன் மாதேஷுக்கு அம்மா ராஜாத்தி எழுதுவது.

இங்கே நானும் அப்பாவும் மருமகள் கவியும் சுகம். அப்பாவுக்குப் பனியில் முழங்கால் பிடித்துக்கொள்கிறது. ஆனாலும் ஃபவுண்டரிக்கு ஒரு ஷிப்டு விடாமல் போய் வருகிறார். நீ அங்கே ஓமனில் வேளைக்குச் சாப்பிடுகிறாய், கிரேன் மேல் ஏறி இறங்கி முதுகு ரொம்ப வலிக்கவில்லை என்று நம்பிக்கொண்டு இதை எழுதுகிறேன்.

கையில் போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் ஒன்று சொல்வதற்குள் நீ ஒன்பது சொல்கிறாய். பேச்சு உனக்குப் பிடிக்காத இடத்துக்கு வந்தால் சிக்னல் இல்லை என்று வைத்துவிடுகிறாய். கடிதம் அப்படியில்லை. கோபத்தில் தூக்கிப் போட்டாலும் அங்கேயேதான் கிடக்கும், அப்புறம் எடுத்துப் படிக்கலாம். நம் தெரு விமல்ராஜ் லீவு முடிந்து நாளை மறுநாள் நீ இருக்கும் சோஹாருக்குத் திரும்புகிறான். அவன் கையில் இதையும் கொஞ்சம் எள்ளுப்பொடியும் கொடுத்தனுப்புகிறேன்.

பூக்கம்பெனியில் இப்போது மூச்சுவிட நேரமில்லை. காதலர் தினத்துக்கு வெளிநாடு போகிற ரோஜாவெல்லாம் இந்த மாதக் கடைசியில்தான் விமானம் ஏறும். குளிர் அறையில் நின்றுகொண்டு தண்டின் நீளம் பார்த்துக் கட்டுக்கட்டாகப் பிரிக்கிறோம். ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டாலும் சாயந்திரம் விரல் மடங்குவதில்லை. அதனால்தான் எழுத்து கோணலாக இருக்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ கவியிடம் பேசியபோது போன் ஸ்பீக்கரில் இருந்தது. நான் பக்கத்தில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். குடும்ப விசா கிடைத்துவிட்டது, வீடு பார்த்துவிட்டேன், கட்டில் வாங்கிவிட்டேன், மார்ச் முதல் வாரத்துக்கு டிக்கெட்டும் போட்டுவிட்டேன் என்றாய். மூன்று வருஷமாக ஒரே அறையில் ஐந்து பேரோடு படுத்து எழுந்தவன் நீ. உன் குரலில் இருந்த சந்தோஷம் எனக்குப் புரியாமலில்லை. ஆனால் அவள், "இப்ப முடியாதுங்க, ஒரு மாசம் பொறுங்க" என்றதும் நீ கேட்டாய்: "இன்னும் எத்தன நாளைக்கு இந்த அப்ளிகேஷனையே போட்டுக்கினு இருப்ப? ஒருத்தனாவது கூப்புட்டானா?"

அவள் போனை என் கையில் கொடுத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

கூப்பிட்டிருக்கிறார்கள், மாதேஷ். அஸ்ஸாமில் ஒரு பல்கலைக்கழகம். பிப்ரவரி ஆறாம் தேதி கம்ப்யூட்டர் வழியாகவே இன்டர்வியூ. வேலையின் பெயர் 'போஸ்ட்டாக்' என்கிறாள். டாக்டர் பட்டம் வாங்கியவர்கள் அதற்கு மேல் செய்கிற ஆராய்ச்சியாம். மூன்று வருஷத் திட்டம். அங்கேயும் நம் ஊத்தங்கரைப் பக்கம் போலவே கிணற்றுத் தண்ணீரில் ஃப்ளோரைடு இருக்கிறதாம்.

வேலை கிடைத்தபிறகுதான் உன்னிடம் சொல்வதாக இருந்தாள். நீ டிக்கெட்டே போட்டுவிட்டாய் என்பதால், நான் எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுதுங்க அத்தை. நான் சொன்னா சண்டையிலதான் முடியும்" என்றாள்.

நீ போன லீவு முடிந்து போய் ஒரு வருஷமாகிறது, அதனால் நான் பார்த்ததைச் சொல்கிறேன். அவள் சிப்காட்டில் கம்பெனிக் கழிவுநீரைச் சோதிக்கும் லேபில் நாள் முழுக்க நின்றுவிட்டு, ஆசிட் வாசனையோடு வருகிறாள். குளித்துவிட்டுச் சாப்பிட்டதும் மாடியில் போய் உட்கார்ந்துவிடுவாள். வேலைக்கு மனுப் போடுவது என்றால் நம் கம்பெனி கேட்டில் பயோடேட்டா கொடுப்பது போல என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படியில்லை. ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் தனித்தனியாக எழுத வேண்டும். இதுவரை என்ன கண்டுபிடித்தேன், உங்களிடம் வந்தால் என்ன செய்வேன் என்று பக்கம் பக்கமாக. ஒன்றுக்கு எழுதியதை இன்னொன்றுக்கு அனுப்பினால் படிக்கிறவர்களுக்குத் தெரிந்துவிடுமாம். அதுபோக அவளை அறிந்த மூன்று பெரியவர்கள் சிபாரிசு எழுத வேண்டும். அவளுடைய கைடு பூபதி சார் ரிட்டயர் ஆகிவிட்டார், மெயிலே திறப்பதில்லை. இவள் ஞாயிறு பஸ் ஏறி சேலம் போய், அவர் பாஸ்வேர்டைத் தேடிக் கண்டுபிடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருந்து அனுப்ப வைத்துவிட்டு வருவாள்.

பாதிப் பேர் பதிலே போடுவதில்லை. பதில் வராவிட்டால் என்னம்மா அர்த்தம் என்று ஒருநாள் கேட்டேன். "இல்லைன்னு அர்த்தம் அத்தை" என்றாள். ஒரு இடத்தில் 'அன்புள்ள திரு. கவிப்ரியா' என்று எழுதி, வருந்துகிறோம் என்றார்கள். இன்னொரு இடத்தில் நேரில் வரவழைத்து, ஒரு நாள் முழுக்க உட்கார வைத்து, ஏற்கெனவே அங்கே இருப்பவருக்கே கொடுத்துவிட்டார்கள். அன்று வந்து நன்றாக அழுதாள். மறுநாள் சாயந்திரம் அடுத்ததற்கு எழுத உட்கார்ந்துவிட்டாள்.

அவள் படிப்பு எனக்கு விளங்காது. ஒரு தடவை அவளே சொன்னாள். புளியம்பழ ஓட்டைச் சுட்டுக் கரியாக்கி அதில் தண்ணீரை வடித்தால் அந்த ஃப்ளோரைடு விஷம் கரியில் நின்றுவிடும். கொஞ்ச நாளில் கரிக்குச் சக்தி போய்விடும். சக்தி போன கரியைத் தூக்கி எறியாமல், வீட்டுப் பெண்களே திரும்ப வேலைக்கு ஆகும்படி செய்துகொள்ள வழி கண்டுபிடிக்கிறாள். அது எனக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் எடுத்ததை விடாமல் செய்வது என்றால் என்னவென்று புரிகிறது.

நீ சாமல்பட்டியில் போர்வெல் தண்ணீர் குடித்து வளர்ந்தவன். பல்லில் பழுப்புக்கோடு விழுந்து, ஸ்கூல் போட்டோவில் ஒன்றில்கூட வாய் திறந்து சிரிக்காதவன். உன்னைப் பெண் பார்க்கக் கூட்டிக்கொண்டு கல்லாவிக்குப் போனபோது இவள் உன் முகத்தையே பார்த்துவிட்டு, "சின்ன வயசுல எந்த போர்ல தண்ணி புடிச்சீங்க?" என்று கேட்டாளே. நீ முதலில் கூசிப்போனாய், அப்புறம் பஸ்ஸில் வரும்போது, "இவளையே கட்டிக்கிறேம்மா" என்றாய். அப்போது உனக்குப் பிடித்துப்போனது அவளுடைய இந்தக் குணம்தான்.

உன்னை விட்டு அவள் இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆறாம் தேதி வரைக்கும் பொறு. டிக்கெட்டைத் தள்ளிப்போட முடியுமா பார். கிடைத்தால் இரண்டு பேரும் நிதானமாக உட்கார்ந்து பேசுங்கள்.

வெயிலில் தலைக்குத் துணி கட்டாமல் நிற்காதே. மாதேஸ்வரன் துணை இருப்பார்.

உன் அம்மா,
ராஜாத்தி


ஜூஜுவாடி
பிப்ரவரி 8

மகன் மாதேஷுக்கு,

என் கடிதத்தை உன் கையிலேயே கொடுத்துவிட்டதாக விமல்ராஜ் அவன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறான். படித்துவிட்டு நீ கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டாலும் எடுக்கவில்லை. இதைத் தபாலில் போடுகிறேன்.

நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

இன்டர்வியூவுக்கு முந்தைய நாள் மத்தியானம் கவி லேபிலிருந்து லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தாள். மறுநாள் கம்ப்யூட்டரில் நுழைய வேண்டிய லிங்க் இன்னும் வரவில்லை என்றாள். அவர்களுக்கு மெயில் போட்டாள். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. 'உங்கள் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுவதாக நீங்கள் போன மாதம் எழுதியதை ஏற்றுக்கொண்டோம், உங்கள் எதிர்காலத்துக்கு வாழ்த்துகள்' என்று.

நான் பூக்கம்பெனியிலிருந்து வந்தபோது அவள் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். விளக்குப் போடவில்லை. என்னம்மா என்றேன். போனை நீட்டினாள். அவள் அனுப்பியதாக அவர்கள் சொன்ன மெயிலை அவர்களிடமே கேட்டு வாங்கியிருந்தாள். எனக்கு இங்கிலீஷ் வராது என்பதால் அவளே தமிழில் சொன்னாள். கணவரோடு ஓமனில் குடியேறுவதால் இந்த வேலையில் எனக்கு விருப்பமில்லை என்று இருந்தது. கீழே 'கவிப்ரியா மாதேஷ்' என்று கையெழுத்து.

அவள் எழுதிய எந்தக் கட்டுரையிலும் எந்த மனுவிலும் அப்படி ஒரு பெயர் கிடையாது. நா. கவிப்ரியாதான். கல்லாவி நாராயணப்பன் மகள் என்கிற அந்த ஓர் எழுத்தோடுதான் டாக்டர் பட்டமும் வாங்கினாள்.

போன வருஷம் நீ லீவில் வந்திருந்தபோது அவள் போன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது. அவசரத்துக்கு உன் போனில் அவள் மெயிலைத் திறந்து ஒரு கட்டுரை அனுப்பினாள். அது எனக்கு ஞாபகம் இருக்கிறது, அவளுக்கும் இருந்திருக்கும். ஆனால் அவள் உன் பெயரை எடுக்கவே இல்லை. பாஸ்வேர்டை மாற்றினாள், அவ்வளவுதான். மெயில் தானாகப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். இன்டர்வியூ தேதி நான் கொடுத்தனுப்பிய கடிதத்தில்தான் இருந்தது என்பதும் தெரியும். நீயா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் நீ இல்லை என்று சொல்லிவிடுவாயோ என்று பயமாக இருக்கிறது.

அன்று ராத்திரி அவள் சாப்பிட உட்கார்ந்தபோது உன் அப்பா கேட்டார்: "இப்ப இன்னாம்மா பண்றது?"

"எழுதிட்டேன் மாமா. அந்த மெயில் நான் அனுப்பல, என் அக்கவுன்ட்ட வேற ஒருத்தர் தெறந்து அனுப்பியிருக்காங்க, நான் நாளைக்கு ரெடியாத்தான் இருக்கேன்னு எழுதிட்டேன்."

"ஒத்துக்குவாங்களா?"

"தெரியல. ஒத்துக்கலைன்னா காலையில போன் பண்ணுவேன். எடுக்கற வரைக்கும் பண்ணுவேன்."

அப்படியேதான் செய்தாள். காலையில் ஆபீஸ் திறந்ததிலிருந்து போன் அடித்துக்கொண்டே இருந்தாள். ஒரு ஆள் இந்தியில் ஏதோ சொல்லி வைத்தான். இன்னொரு பெண் பிறகு கூப்பிடு என்றாள். கடைசியாக அந்தத் திட்டத்தின் தலைவரே எடுத்தார். கமிட்டியைக் கேட்டுச் சொல்கிறேன், மற்ற எல்லோரும் முடிந்தபிறகு நேரம் மிஞ்சினால் பார்க்கலாம், உறுதி சொல்ல முடியாது என்றாராம். எத்தனை மணிக்கு என்று இவள் கேட்டதற்கும் உறுதி சொல்லவில்லை.

உடனே குளித்து, அந்தப் பச்சைச் சுங்குடிப் புடவையைக் கட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. நான் பூக்கம்பெனிக்குப் போகவில்லை. இந்த வாரத்தில் யாரும் லீவு போடக்கூடாது என்று சூப்பர்வைசர் கத்தினார், கத்தட்டும் என்று விட்டுவிட்டேன். கவிக்குத் தட்டில் போட்டுக் கொடுத்த இட்லி அப்படியே இருந்தது. டீ மட்டும் குடித்தாள்.

நம் தெருவின் சத்தம் உனக்குத் தெரியுமே. பெங்களூர் போகிற லாரி முழுக்க நம் தெருமுனையில்தான் நின்று மூச்சு வாங்கும். சாயந்திரம் ஒரு கன்டெய்னர் லாரி இன்ஜினை அணைக்காமல் நின்றது, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. உன் அப்பா முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கிப்போனார். டிரைவர் ஆந்திராக்காரர். மருமகளுக்குப் பெரிய பரீட்சை நடக்கிறது என்று அப்பா அவரிடம் தெலுங்கில் சொல்லியிருக்கிறார். அந்த மனிதர் இன்ஜினை அணைத்துவிட்டு, அப்பாவோடு சேர்ந்து நின்று பின்னால் வந்த வண்டிகளையும் ஹாரன் அடிக்க விடாமல் அனுப்பிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு நிர்மலாம்மா நாளைக்கு மாவரைத்துக்கொள்கிறேன் என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு கிரைண்டரை நிறுத்தினாள்.

இருட்டுகிற நேரத்துக்குக் கூப்பிட்டார்கள். நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றேன். பாதி வார்த்தை புரியவில்லை. கரி, தண்ணீர் என்று வரும்போது அவள் குரல் வேகமாகப் போனது, கை ஆடியது. நன்றாகத்தான் போகிறது என்று நினைத்தேன். அப்புறம் ஒரு அம்மாள் ஏதோ கேட்டார், அதில் ஹஸ்பெண்ட் என்றும் ஓமன் என்றும் வந்தது. கவி நிதானமாகச் சில வாக்கியம் சொன்னாள்.

முடிந்ததும் என்ன கேட்டார்கள் என்றேன். அந்த மெயிலை அனுப்பியது யார், கணவர் ஓமனில் இருக்கிறார் என்று அதில் எழுதியிருக்கிறதே, நீங்கள் பாதியில் விட்டுப் போய்விட மாட்டீர்கள் என்று எப்படி நம்புவது என்று கேட்டார்களாம்.

"நீ இன்னா சொன்ன?"

"அனுப்பினது யாருன்றது என் வீட்டு விஷயம்னு சொன்னேன் அத்தை. என் வீட்டுக்காரர் ஓமன்ல இருக்கறதும் உண்மை, நான் இந்த வேலைக்கு வரணும்னு இருக்கறதும் உண்மை. ஒண்ணுக்காக இன்னொண்ண விடச் சொல்லி நீங்க கேக்க மாட்டீங்கன்னு நெனைக்கிறேன்னு சொன்னேன்."

சொல்லிவிட்டு அந்த ஆறிப்போன இட்லியை எடுத்துச் சாப்பிட்டாள்.

மாதேஷ், நீ அங்கே எவ்வளவு தனியாக இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். போன பொங்கலுக்கு நீ ரூமில் குக்கரில் பொங்கல் வைத்துப் படம் அனுப்பினாய். ரூமில் அத்தனை பேர் இருந்தும் படத்தில் ஒரே ஒரு தட்டுதான் இருந்தது. அன்று நான் அழுததை யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் தனியாக இருப்பவன் கூட வரச் சொல்லிக் கேட்கலாம். வரப்போகிறவள் போகும் வழியை அடைக்கக் கூடாது.

போனை எடு. திட்டமாட்டேன்.

அம்மா


ஜூஜுவாடி
பிப்ரவரி 25

மாதேஷுக்கு,

கவிக்கு வேலை கிடைத்துவிட்டது. இரண்டாவது இடத்தில்தான் வைத்திருந்தார்கள். முதலில் தேர்வானவர் வேறு இடம் போய்விட்டதால் நேற்று இவளைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். மார்ச் 17-ஆம் தேதி சேர வேண்டும். போகிறாள்.

உனக்கு அவளே வாட்ஸ்அப்பில் எழுதிப் போட்டதாகவும் நீ பார்த்துவிட்டதாக போனில் நீலக்கோடு விழுந்ததாகவும் சொன்னாள். பதில் இல்லையாம். பார்த்துவிட்டாய் என்பதால் உயிரோடு இருக்கிறாய் என்று தெரிந்துகொண்டேன்.

அம்மா


ஜூஜுவாடி
மார்ச் 21

என் அன்பு மகனுக்கு,

நேற்று நீ கூப்பிட்டபோது பூக்கம்பெனி பஸ்ஸில் இருந்தேன். சுற்றிலும் பெண்கள் இருந்ததால் அதிகம் பேச முடியவில்லை. நீ, "நான்தாம்மா அத அனுப்பினேன்" என்றாய். நான், "தெரியும்" என்றேன். அதற்கப்புறம் ரொம்ப நேரம் நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை. ஆனால் போனை வைக்காமல் பஸ் அத்திப்பள்ளி தாண்டும்வரை நாம் இருவரும் அப்படியே இருந்தோமே, அது எனக்குப் போதுமாக இருந்தது. வீட்டுக்கு வந்து நிறைய நாள் கழித்து வயிறாரச் சாப்பிட்டேன்.

நீ பேசாமல் இருந்த நாட்களில் இங்கே நடந்ததை உனக்குச் சொல்ல வேண்டும்.

கவி போகப்போகிறாள் என்று தெரிந்ததும் கல்லாவியிலிருந்து சம்பந்தி நாராயணப்பன் வந்தார். புளியம்பழம் அடித்து ஓடெடுத்து முடித்த கையோடு, சட்டையில் தூசியோடு வந்து உட்கார்ந்தார். மகள் முகத்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்தே பேசினார். "கட்டிக் குடுத்தாச்சுங்க. மாப்ள கூப்புடற எடத்துக்குப் போறதுதான் மொற. மாப்ள ஒத்துக்கலைன்னா நாளைக்கு நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு ஊர்ல நடமாடறது?"

கவி வாசலில் நின்றிருந்தாள். அவளுக்குப் பதில் சொல்ல இருந்தது, ஆனால் அப்பாவை எதிர்த்துப் பேசி அவள் பழகவில்லை.

நான் சொன்னேன்: "மாப்ளையோட அம்மா நான் ஒத்துக்கறேன். ஊர்ல யாராச்சும் கேட்டா, சம்பந்தியம்மாதான் அனுப்பி வெச்சாங்கன்னு சொல்லுங்க. வேணும்னா எங்கிட்ட வந்து கேக்கட்டும்."

அவர் உன் அப்பாவைப் பார்த்தார். நீ உன் அப்பாவை அறிவாய், உறவுக்குள் வாக்குவாதம் என்றால் அவர் வாயைத் திறக்க வைக்க எவராலும் ஆகாது. அன்றைக்குத் திறந்தார். "ஒம் பொண்ணு அன்னிக்கி காலையிலருந்து பொழுது போற வரைக்கும் ஒக்காந்திருந்தத நான் பாத்தேன்ப்பா. நீயும் பாத்திருந்தா இப்பிடிப் பேச மாட்ட" என்றார். அவ்வளவுதான். சம்பந்தி போகும்போது, வேண்டிய புளி ஓட்டை நானே கொண்டுவந்து தருகிறேன், அங்கே அது கிடைக்குமோ கிடைக்காதோ என்று சொல்லிவிட்டுப் போனார். மறுவாரம் ஒரு கோணிப்பை நிறையக் கொண்டுவந்தும் போட்டார்.

அந்தக் கோணிப்பையால் பெங்களூர் ஸ்டேஷனில் ஒரு கூத்து. ரயில்வே போலீஸ்காரர் பிரிக்கச் சொன்னார். புளி ஓடு என்றால் அவர் நம்பவில்லை. இதை எதற்குக் கௌஹாத்தி வரைக்கும் தூக்கிப் போகிறீர்கள் என்று கேட்டார். கவி அங்கேயே நின்று தண்ணீர், பல், எலும்பு என்று கன்னடத்தில் விளக்க ஆரம்பித்துவிட்டாள். ரயில் கிளம்பிவிடப் போகிறது என்று எனக்குப் பதற்றம். அந்த மனிதர் முழுக்கக் கேட்டுவிட்டு, எங்கள் கோலார் பக்கமும் இதே தொல்லைதான் மேடம் என்று சொல்லி, தானே பையைத் தூக்கி வண்டியில் வைத்துவிட்டுப் போனார்.

ரயில் கிளம்பக் காத்திருந்தபோதுதான் நான் அவளிடம் உன்னைப் பற்றிக் கேட்டேன். அதுவரை கேட்கத் துணியவில்லை. அவன் மேல் கோபமாக இருக்கிறாயா என்றேன்.

"கோவம் இருக்குது அத்தை. இல்லைன்னு சொன்னா பொய். ஆனா நான் அவர விட்டுட்டுப் போகல. வேலைக்குப் போறேன். ரெண்டுக்கும் வித்தியாசம் அவருக்குத் தெரியணும்."

"அவன் வந்து கேட்டா?"

"கேக்கட்டும்" என்றாள். பிறகு அவளாகவே, உன் முதுகுவலிக்கு டாக்டரைப் பார்த்தாயா என்று விமல்ராஜ் வீட்டில் விசாரிக்கச் சொன்னாள். நேராக உன்னிடம் கேட்க அவளுக்கு இன்னும் மனம் வரவில்லை. ஆனால் கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. அதை நீ எப்படி எடுத்துக்கொள்வாயோ எடுத்துக்கொள்.

மூன்று நாள் ரயில். போய்ச் சேர்ந்து, சொன்ன தேதியில் கையெழுத்துப் போட்டுவிட்டாள். ஹாஸ்டலில் அறை கொடுத்திருக்கிறார்கள். சோற்றில் கடுகெண்ணெய் வாடை தாங்கவில்லை என்றாள். நேற்றே ஏதோ ஒரு தேயிலைத் தோட்டத்துக் கிணறுகளைப் பார்க்கக் கூட்டிப்போயிருக்கிறார்கள். அங்கே ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்களாம். அதைச் சொல்லும்போது அழுகிறாளோ என்று நினைத்தேன். அழவில்லை. இங்கே நிறைய வேலை இருக்கிறது அத்தை என்றாள்.

இனி உனக்கு நான் சொல்ல வேண்டியது.

போனை வைப்பதற்கு முன்னால் நீ, "நான் இப்ப இன்னாம்மா பண்றது?" என்று கேட்டாய். சின்ன வயதில் சைக்கிளைக் கிணற்று மேட்டில் போட்டுவிட்டு வந்து கேட்பாயே, அதே குரல். இந்தத் தடவை என்னால் போய் எடுத்துக்கொண்டுவர முடியாது. என்னிடம் ஒத்துக்கொண்டாய், சரி. என்னிடம் ஒத்துக்கொள்வது சுலபம், நான் பெற்றவள். ஒத்துக்கொள்ள வேண்டிய இடம் வேறு.

உனக்கு ஜூன் மாதம் லீவு வருகிறது. எப்போதும் பெங்களூரில் இறங்கி நேரே வீட்டுக்கு வருவாய். நான் கறிக்குழம்பு வைத்துக் காத்திருப்பேன். இந்தத் தடவை இங்கே வராதே. முதலில் அங்கே போ. இதை எழுதும்போது எனக்கு எப்படி இருக்கிறது என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரு வருஷமாக நாள் எண்ணிக்கொண்டிருப்பவள் சொல்கிறேன், முதலில் அங்கே போ. அவள் வேலை செய்யும் இடத்தைப் பார். அவள் எதற்காக உட்கார்ந்திருந்தாள் என்று உன் கண்ணால் பார். அவள் கோபப்பட்டால் பட்டுக்கொள், குறுக்கே பேசாதே. எத்தனை நாள் இருக்கச் சொல்கிறாளோ அத்தனை நாள் இரு. மிச்சம் இருந்தால் இங்கே வா. மிச்சம் இல்லாவிட்டாலும் எனக்குச் சந்தோஷம்தான்.

அதற்கு முன்னால், போன் பண்ணாமல், உன் கைப்பட ஒரு கடிதம் எழுது. மெயில் வேண்டாம். என்ன எழுதுவது என்று என்னைக் கேட்காதே. உனக்குத் தெரியும். எனக்கு நீ பதில் போடாவிட்டாலும் பரவாயில்லை, நான் தாங்கிக்கொள்வேன்.

நீங்கள் இரண்டு பேரும் எங்கே இருந்தாலும் ஒருவர் முகத்தை ஒருவர் நிமிர்ந்து பார்த்துப் பேசுகிறவர்களாக இருக்க வேண்டும். நான் சாமியிடம் வேறெதுவும் கேட்பதில்லை.

இந்தத் தாளின் பின்பக்கம் அவளுடைய ஹாஸ்டல் முகவரி இருக்கிறது. எனக்கு இங்கிலீஷ் எழுத்து சரியாக வராது, ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதினேன். பெயர் மட்டும் அவள் எழுதுகிறபடியே எழுதியிருக்கிறேன், டாக்டர் நா. கவிப்ரியா என்று. நீயும் அப்படியே எழுது.

உன் மேல் ஆசையோடு,
அம்மா ராஜாத்தி